தண்ணீர் கலந்த கிளிசரின்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. என் நாட்குறிப்பில் 'மூன்றாம் வாரம், செவ்வாய்' என்று இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் என் மனைவி பட்டுச்சேலை முந்தானைகளுக்குக் குஞ்சம் முடிந்து கொடுத்துவந்தாள். பனிக்காற்றில் அவள் விரல்நுனிகள் வெடித்து, வெடிப்பில் பட்டிழை சிக்கிப் பிசிறியது. மடியில் இருந்ததோ தை முதல் முகூர்த்தத்துக்கான கல்யாணச் சேலை. அது கெட்டால் பிறகு யாரும் அவளிடம் சேலை கொடுக்கமாட்டார்கள்.

கிளிசரினும் பன்னீரும் வாங்கி வந்து, பாதிக்குப் பாதி கலந்து பூசச் சொன்னேன். தனிக் கிளிசரின் ஈரத்தைத் தேடும், காற்றில் கிடைக்காவிட்டால் தோலிலிருந்தே உறிஞ்சும் என்று படித்ததையும் விளக்கினேன். தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை விரல்கள் இன்னும் சிவந்திருந்தன. தொட்ட இழையெல்லாம் ஒட்டியது. பன்னீர்ப் பாட்டில் மூடி திறக்காமல் சாமி படத்தருகே நின்றது.

"கலக்கவே இல்லியா அம்மணி?"

"ஏனுங்க, நல்ல மருந்துல தண்ணி ஊத்தச் சொல்றீங்களே! எங்கூட்டுல ஒரு நாளாச்சும் பால்ல தண்ணி கலந்திருக்கமா?"

அவள் பிறந்த வீடு பால் சொசைட்டிக்கு ஊற்றும் வீடு. அங்கே பாலில் கருவியை விட்டுச் சோதித்து, தண்ணீர் தெரிந்தால் ஊர் முன்னால் பாலைத் திருப்பிவிடுவார்கள்.

"இது பால் இல்லை."

"எதுவா இருந்தாலும் கலப்படம் கலப்படந்தானுங்க."

நான் படித்த புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

"இத எழுதுனவரு குஞ்சம் கட்டுவாருங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மறுநாள் அவள் கோயிலுக்குப் போனதும், கிளிசரினில் பாதியைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கினேன். பன்னீர் ஊற்றினால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி வந்தவளிடம், வேறு கம்பெனிச் சரக்கு வாங்கி அதே பாட்டிலில் ஊற்றியிருக்கிறேன் என்றேன். பொய்தான்.

ஒரு வாரத்தில் வெடிப்பு மூடியது. குஞ்சம் பிசிறில்லாமல் முடிந்தது. பொங்கல் கழிந்ததும் சேலையை வாங்கவந்த மணப்பெண்ணின் அம்மா, முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க கைக்கு என்னங்க போடறீங்க? எனக்கும் வெடிச்சுக் கெடக்குது" என்றார்.

"கிளிசரினுங்க. இவரு தண்ணி கலக்கோணும்னு ஒரே அடம். நான் ஒரு சொட்டு கலக்குலீங்களே! அப்படியே பூசுங்க."

வாயைத் திறக்கப் போனேன். கட்டிலில் இன்னும் இரண்டு கல்யாணச் சேலைகள் குஞ்சத்துக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன; உண்மை தெரிந்தால் இவள் அந்தப் பாட்டிலைத் தொடமாட்டாள். அந்த அம்மாள் எரிச்சலோடு திரும்பி வந்தால் வரட்டும் என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.