படத்தில் நின்ற கொய்யா

மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா அங்கே இலை பறித்தாள். தோட்டத்தை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தபோது அம்பாசமுத்திரத்தில் குடியேறினோம். எஸ்டேட் என்றாலே கல்லூரியில் சிரிப்பார்கள். அதனால் யார் கேட்டாலும் 'திருநெல்வேலி டவுன்' என்று சொல்லப் பழகியிருந்தேன்.

போன வருடம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய கோடைக்காலப் பள்ளிக்குத் தேர்வானேன். காடுகளைப் பற்றிய வகுப்பு. முதல் நாள் அறிமுகத்திலும் அதே பொய்யைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பேராசிரியர் திரையில் காலி வீடுகளின் படத்தைப் போட்டார். மாஞ்சோலையில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயன் வீடுகள்.

"இங்கே வேலைக்கு வந்துபோன கூலியாட்கள்தான் தங்கினார்கள். யாருக்கும் இது ஊர் இல்லை" என்றார்.

வாயைத் திறந்தால் என் பொய் வெளியே வந்துவிடும். வரட்டும் என்று எழுந்தேன்.

"மூன்றாவது வீடு எங்களுடையது. வாசலில் நிற்கும் கொய்யா என் அம்மா வைத்தது. அவளும் அங்கேதான் பிறந்தாள்."

"நீங்கள் நகரம் என்றீர்களே?"

"நான் சொன்னது பொய். நீங்கள் சொன்னதும் தப்பு. திருத்துங்கள்."

அவர் குறித்துக்கொண்டார். மாலையில் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அது கெடக்கட்டும்ட்டி, கொய்யா காய்ச்சிருந்துதா?" என்றாள்.

இப்போது எந்த விண்ணப்பத்திலும் சொந்த ஊர் மாஞ்சோலைதான். டைப் செய்துகொடுக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, "அங்கன இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"ஊர்க்காரி நான் இருக்கேம்லா. அடிங்க அண்ணாச்சி" என்றேன்.