சலவைக்கல்லில் எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை காலை, கொத்தனார் முனிசாமி மர்பி டவுனிலிருந்து சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஞானமுத்து ஐயா போயிட்டாரு சார். தூக்கத்துலயே. சாயந்திரம் அடக்கம். நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. எங்கள் கட்டட இலாகாவில் ஓவர்சியர் ஞானமுத்துவை அறிந்த எல்லோருக்கும், நான் பல வருடங்களாக அவரோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பது தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விடுதலைக்குச் சில ஆண்டுகள் கழித்து, நமக்காகத் தன் நாட்டுச் சபையில் வாதாடிய ஓர் அயல்நாட்டுத் தலைவருக்கு இங்கே மாநிலத் தலைநகரில் நினைவுச் சின்னம் வைக்க முடிவாயிற்று. வெள்ளைச் சலவைக்கல்லில் செய்த மார்பளவுச் சிலை அவர் நாட்டிலிருந்தே கப்பலில் வந்தது. பீடம் நம் ஊர்க் கருங்கல். பீட வேலையை ஞானமுத்து பார்த்தார். சிலையைப் பொருத்தும் பொறுப்பு என்னுடையது. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த சமயம். திறப்பு விழாவுக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். சிலை பீடத்தில் ஏறிய அன்று மதியம், கோட்டைப் போட்டுப் பார்க்கக் கமர்ஷியல் தெருவுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தலைவரின் வழுக்கையிலிருந்து தாடி வரை நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. பீடத்தடியில் உடைத்த தேங்காய். முனிசாமியும் இன்னும் இரண்டு கொத்தனார்களும் பெருமையோடு நின்றார்கள்.

"எண்ணெய்க் காப்பு போட்டுட்டோம் சார். புதுச் சிலைய காயவிட்டா வெயிலுக்கு வெடிச்சிடும்."

"இது என்ன சாமியாய்யா?"

"பெரிய மனுஷன்தானே சார்? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவர சும்மாவா உக்கார வைக்கிறது?"

கருங்கல் எண்ணெய் குடித்தால் கறுத்து மின்னும். சலவைக்கல் குடித்தால் மஞ்சள் கறை பிடிக்கும். நான் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை அப்படியே இருந்தது. விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன.

எஞ்சினியர் வந்தார். "யாரு மாடித்து இது?" என்று கன்னடத்தில் கத்தினார். செய்தது யார் என்றுதானே கேட்டார்? "இவங்கதான் சார்" என்று மூவரையும் கையால் காட்டினேன். அன்றே மூவரையும் வேலையிலிருந்து நீக்கச் சொன்னார். எஞ்சினியரோடு வந்திருந்த ஞானமுத்து, "நீக்கறதுக்கு ஒரு ரிப்போர்ட் வேணுமே சார். நான் எழுதித் தரேன்" என்றார்.

இரண்டே வாக்கியங்கள். "கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார்கள். சலவைக்கல்லைப் பற்றித் தெரிந்தவர் அப்போது அந்த இடத்தில் இல்லை." என் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. மூவரின் வேலையும் தப்பியது. என் பதவி உயர்வு எனக்குக் கீழே இருந்தவனுக்குப் போயிற்று. இன்றும் அவன் மேசைக்குத்தான் நான் கோப்பு எடுத்துப் போகிறேன்.

கறையை எடுத்தவரும் ஞானமுத்துதான். சாக்கட்டியைப் பொடித்துப் பெட்ரோலில் குழைத்துத் தலைவரின் முகம் முழுக்க அப்பினார். "எங்க மாதா கோயில் பீடத்துல எண்ணெய் சிந்தினா இப்படித்தான் எடுப்போம்" என்றவர், சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சவரத்துக்கு உக்காந்த மாதிரி இருக்காரு, பாரு" என்றார். கொத்தனார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் அப்பி அப்பி எடுத்ததில் கறை போயிற்று. இடது காதோரம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் நின்றுவிட்டது. இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். நான் வெறும் தட்டைத் திருப்பி அனுப்புவேன். ஒரு சர்க்கரைக் கட்டிகூட வைத்ததில்லை. மறு வருடமும் தட்டு வரும்.

ஓய்வு பெற்ற அன்று என் மேசைக்கு வந்தார். "எம்மேல கோவம் இருக்கட்டும்பா. அந்த ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை பொய்யின்னு சொல்லு, இப்பவே மாத்தி எழுதித் தரேன்" என்றார். நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த மேசையில் விடைபெறப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது முனிசாமியிடம், "அன்னிக்கு எஞ்சினியர்கிட்ட உங்களைக் காட்டிக் கொடுத்தது நான்தான், தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன சார்? பக்கத்துலதானே நின்னோம்." கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். "எங்களுக்கு ஆத்திரம்தான். ஐயாதான் சொன்னாரு, 'விடுங்கடா, பயந்துட்டான். மத்தபடி வேலை தெரிஞ்ச ஆளு, அந்தப் பதவிக்கு அவன்தான் தகுதி'ன்னு."

அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இத்தனை வருடங்களில் இந்த இலாகாவில் என்னைப் பற்றி வேறு எவரும் அப்படிச் சொன்னதில்லை. அதை அவர் நான் இல்லாத இடத்தில், என்மேல் ஆத்திரமாக இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஞானமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியம்தான்.