ஒன்பது வருஷம் வாசிக்காமல் தாண்டிய அதிகாரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்கள் போய்விட்டன. மூன்று தடவை தாளை எடுத்து நாலு வரி எழுதி, கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பொய். என் சொந்தப் பிழையை என் கையாலேயே எழுதத்தான் பயந்தேன். போன கிழமை என் அண்ணனே, "எழுதடா, நான் உயிரோட இருக்கேக்கையே எழுது" என்று சொல்லிவிட்டார். ஆகவே கர்த்தரை முன்வைத்து எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் நடந்தது இது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வாசலில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவது கேட்கும். அங்கே ஒரு பண்டகசாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு அடையாளம் போடுவது என் வேலை. எங்கள் ஐயா, அதாவது என் தகப்பனார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஒரு புரட்டஸ்தாந்து சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாராக இருந்தவர். அவருக்கு நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், நான் இளையவன்.

அண்ணன் ரயில்வேயில் சேர்ந்து, ஒரு கத்தோலிக்கப் பெண்ணை விரும்பி, அவர்களுடைய கோயிலிலேயே கலியாணம் முடித்தார். எங்கள் சபைக்கும் அவர்களுக்கும் அந்தக் காலத்தில் கொள்வினை கொடுப்பினை கிடையாது. உபதேசியார் வீட்டிலேயே இப்படி நடந்தால் விடுவார்களா? ஐயா ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், முற்றத்தில் வைத்தே, "இனி நீ என்ர பிள்ளை இல்லை. என்ர கண்ணில முழியாதை" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அப்படியே போய், மலைநாட்டில் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐயாவின் இரண்டு கண்களிலும் புரை விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

அவர் படுக்கையில் விழுந்து, இனித் தாங்காது என்று டாக்டர் சொன்னதும் அண்ணனுக்குத் தந்தி அடித்தேன். ரயில் மாலை மூன்று மணிக்குத்தான் மருதானை ஸ்டேஷனுக்கு வரும். ஐயாவோ காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூத்தவன் வந்திட்டானோ?"

"வாறார் ஐயா, வாறார்."

இரண்டு மணி இருக்கும். மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. மனைவி வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். அறையில் நானும் அவரும் மட்டும்தான். திரும்பவும், "மூத்தவன் வந்திட்டானோ?" என்றார். நான் குனிந்து, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு, "ஓம் ஐயா, வந்திட்டன்" என்று சொன்னேன்.

ஐயாவின் கை எழும்பி என் முகத்தைத் தடவியது. அண்ணனுக்கு இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. அந்தத் தழும்பைத்தான் விரல் தேடுகிறது என்று எனக்கு விளங்கியது. நான் சட்டென்று தலையைக் குனிந்து, அந்தக் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்துக்கொண்டேன். அவர் பேசினார். நாலைந்து வசனம்தான். பேசி முடித்து அரைமணி நேரத்தில் அவர் ஆவி பிரிந்தது.

சாகிற மனுஷன் மனம் ஆறிப் போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். எங்கள் ஐயாவுக்குக் கோபம் வந்தாலும் மூத்தவன், பாசம் வந்தாலும் மூத்தவன். என் தலையில் அவர் ஒரு நாளும் தனியாகக் கை வைத்து ஜெபித்ததில்லை. அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தபோது நாலு மணி. வீடு நிறைய ஆட்கள். நான் ஏதோ பெரிய தருமம் செய்தவன் போல, "அண்ணை, கவலைப்படாதேங்கோ. ஐயா நீங்கள் வந்திட்டதா நினைச்சு, ஆசீர்வதிச்சுப்போட்டுத்தான் போனவர்" என்றேன்.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "ஆரை ஆசீர்வதிச்சவர்?"

நான் நடந்ததைச் சொன்னேன்.

"என்ன சொன்னவர்?"

"ஆசீர்வதிச்சவர்... அவ்வளவுதான்" என்றேன்.

அண்ணன் அத்தனை பேருக்கும் கேட்க, "நீ யாக்கோபடா. தோலைக் கட்டாத யாக்கோபு" என்றார். வேதத்தில் யாக்கோபு கைகளில் ஆட்டுத்தோலைக் கட்டி, அண்ணன் போல நடித்து, கண் மங்கிய தகப்பன் ஈசாக்கிடம் அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு ஓடியவன். அடக்கம் முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். உலகத்தில் நிலத்துக்குச் சண்டைபிடித்த சகோதரர் உண்டு, நகைக்குச் சண்டைபிடித்தவர்கள் உண்டு. கண் தெரியாத தகப்பனின் ஒரு கைக்காகச் சண்டைபிடித்தது வேதம் படித்த எங்கள் வீட்டில்தான்.

பிறகு அண்ணனுக்குக் கொழும்புக்கே மாற்றல் வந்து, வெள்ளவத்தையில் வந்திருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை எவ்வளவு தூரம்? எங்களுக்கு அது யாக்கோபு விட்டு ஓடிய கானானுக்கும் போய் ஒளிந்த ஆரானுக்கும் உள்ள தூரமாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. தை முதலாம் திகதி வேதத்தின் முதலாம் அதிகாரத்தைத் தொடங்கி, விளக்கு வைத்ததும் நாளுக்கு ஓர் அதிகாரம் நான் வாசிப்பேன். ஐயா இறந்த பிறகு வந்த தையில், ஈசாக்குக்குக் கண் மங்கிய அதிகாரம் வந்தது. நான் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, யோசேப்பு சொப்பனம் காண்கிற இடத்துக்குப் போய்விட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தையிலும் அப்படியே. அதற்கடுத்த தையிலும்.

பத்தாவது தையில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாசிக் கடைசியில் நாள். பெண் கோயிலுக்குப் புறப்படுமுன் குடும்பத்தில் மூத்த ஆண் அவள் தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். இப்போது அந்த ஸ்தானம் அண்ணனுக்கு. நான் அண்ணன் பேரை எடுக்காமல், "நானே கை வைக்கிறன்" என்றேன். மகள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிராமல், "பெரியப்பா வராட்டி எனக்கு ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். வெறுந்தலையோட போறன்" என்றாள்.

அன்று சாயந்தரம் அதே அதிகாரம். நான் பழையபடி பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி. "எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா காது இருக்கு. ஒன்பது வருஷமா எங்கட வீட்டில ஈசாக்குக்குக் கண் மங்குறதில்லை. யாக்கோபு சொப்பனத்தில ஏணியும் காணுறதில்லை, ஊருக்குத் திரும்புறதுமில்லை. பாவம் மனுஷன், எங்க நிக்கிறாரோ?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வாசித்தேன். ஒரு வசனமும் விடாமல் வாசித்தேன். ஏழாம் நாள், யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து ஆடுமாடுகளைக் காணிக்கையாக மந்தை மந்தையாக முன்னே அனுப்புகிற இடம் முடிந்து, இருவரும் சந்திக்கிற இடம் வரை வந்துவிட்டேன்.

கோழைக்குப் பிடித்தது மந்தைதான். நானும் அனுப்பத் தொடங்கினேன். எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். துணி மூட்டையோடு வெள்ளவத்தைப் பக்கம் வீடு வீடாகப் போய் விற்பவர். அவரிடம் முதலில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. கருவாடு அனுப்பினேன். திரும்பி வந்தது. பிறகு ஒரு பெட்டைக் கோழியைக் கூடையில் வைத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கோழியும் வந்தது, கூடையில் இரண்டு முட்டையோடு.

"நான் துணி விக்கிற ஆள், கோழி தூக்குற ஆளில்ல," என்றார் நானா. "கோழி ரெண்டு நாள் அங்கதான் இருந்திச்சு. போட்ட முட்டையையும் எண்ணிக் கூடைல வெச்சித் தந்துட்டாரு உங்கட அண்ணன். இனி நீங்களே போங்க. கூடைக்குள்ள உங்களைத் தூக்க எனக்கு ஏலாது."

மனைவி கோழியை அவிழ்த்துவிட்டபடி, "யாக்கோபு ஆடுமாட்டை அனுப்பிப்போட்டு வீட்டில குந்தியிருக்கேல்லை. கடைசியில தானே முன்னுக்கு நடந்தவர்" என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் மருதானைக்குப் போய் ரயில் ஏறினேன். ஒரு பக்கம் கடல். நான் கடலைப் பார்க்கவில்லை. ஐயா சொன்ன வசனங்களை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கதவைத் திறந்தது அண்ணி. ஒரு கணம் திகைத்து, "உள்ள வாங்கோ தம்பி. அவர் கிணத்தடியில" என்றார்.

அண்ணன் வேலையிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்து, "கோழியைத் திருப்பி அனுப்பினாப் பிறகு ஆளே வந்திட்டார்" என்றார்.

அந்த ஈரத் தரையில் நான் முழங்காலில் நின்றேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் தைரியம் போய்விடும் என்று நேரே சொன்னேன்.

"அண்ணை, ஐயா அண்டைக்கு என்ன சொன்னவர் எண்டு கேட்டனீங்கள். நான் மறைச்சுப்போட்டன். இதுதான் சொன்னவர்: 'மூத்தவன், நான் முற்றத்தில சொன்ன சொல்லை எடுத்து எறி. அது வாய் சொன்னது, நெஞ்சு சொல்லேல்லை. உன்ர பெண்சாதியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. இளையவன் வீம்புக்காரன், தன்னைப் பெரிய நீதிமான் எண்டு நினைக்கிறவன். அவனைக் கைவிட்டிடாதை. ஆபிரகாமின்ர தேவன் உன்னோட இருப்பார்.'"

பின்னால் அண்ணியின் குரல்தான் முதலில் கேட்டது.

"என்னையும் சொன்னவரோ?"

"ஓம் அண்ணி. உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை ஒன்பது வருஷம் அந்த மனுஷியிடமிருந்து நான் பிடித்து வைத்திருந்திருக்கிறேன். எதற்காக? என்னை 'வீம்புக்காரன்' என்று ஐயா சொன்னது அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. சபையில் என்னைத் தகப்பன் பேரைக் காப்பாற்றுகிற பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தார்களே, அதற்காக.

அண்ணன் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். "டேய், ஐயாவுக்குக் கண்தான் தெரியாது. காது நல்லாக் கேட்டது. உன்ர கீச்சுக் குரலை நீ எவ்வளவு தடிப்பாக்கினாலும் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார்.

அப்படி நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆசீர்வாதத்தைத் திருடியவன் என்றே என்னை எண்ணியிருந்தேன். ஒருவேளை, கொண்டுபோய்க் கொடு என்று தந்த கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தவனோ நான்? அதைப் பரலோகத்தில் ஐயாவைக் காணும்போதுதான் கேட்க வேண்டும்.

"எழும்பு," என்றார் அண்ணன். "ஐயா வைச்ச மாதிரி என்ர தலையில கை வை. சொன்னதைத் திருப்பிச் சொல்லு. ஒண்டும் கூட்டாதை, ஒண்டும் குறைக்காதை."

இளையவன் மூத்தவன் தலையில் கை வைப்பதா என்று தயங்கினேன். அவரே என் கையை இழுத்து வைத்துக்கொண்டார். சவர்க்கார நுரை காயாத ஈரத் தலை. நான் முதலிலிருந்து சொன்னேன். 'வீம்புக்காரன்' என்ற இடம் வந்ததும் அண்ணன் குனிந்த தலையோடு, "அதைக் கொஞ்சம் பலத்துச் சொல்லு" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

கலியாணத்தன்று காலையில் அண்ணி முதல் தடவையாக எங்கள் வாசற்படி ஏறினார். அண்ணன் என் மகளின் முக்காட்டின் மேல் கை வைத்து, ஐயாவின் கடைசி வார்த்தையையே சொல்லி ஜெபித்தார். நான் பின்னால் நின்றேன். என் ஸ்தானம் அதுதான், அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

முற்பிதாக்கள் எல்லோரும் பரிசுத்தவான்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள், ஓடினார்கள், ஒரு பிள்ளையை விட்டு மற்றப் பிள்ளையைக் கொஞ்சினார்கள். வேதம் அதில் ஒன்றையும் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் தேவன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, தம்மை யாக்கோபின் தேவன் என்று சொல்லிக்கொள்ளக் கூசவும் இல்லை. அந்த யாக்கோபு ஊர் திரும்பினார். ஆகவே எந்த வீட்டிலும் திரும்பலாம் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஓர் அதிகாரமும் தாண்டுவதில்லை.

வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் பிரிந்திருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் இருப்பது போலவே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம், அண்ணனைப் பெரிய மகானாக்கவும் வேண்டாம். முக்கியமாக, ஐயா என்னைச் சொன்ன அந்த ஒரு சொல்லை விட்டுவிடாதேயுங்கள். அதை மட்டும் விட்டுவிட வழி தேடித்தான் நான் ஒன்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்தேன்.