செல்லியம்மாள் கட்டிய வேஷம்

செல்லியம்மாளின் அப்பா கோதண்டபாணி கூத்துக்காரர். திருப்பருத்திக்குன்றத்தைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் ராஜா வேஷம் அவருக்குத்தான். அவர் அடவு பழகுவதைப் பார்த்துப் பார்த்தே மகளுக்கும் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைகளே கட்டிய காலம் அது. சின்ன காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி நெய்த கலியனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

கலியன் குடித்தான். பாவு நூல் அறுந்தால் அடி, சோறு குழைந்தால் அடி. அப்பா வீட்டுக்கு ஓடி வந்தவளை ஒவ்வொரு முறையும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அறுபத்தாறாம் வருஷம் ஒரு மத்தியானம் கலியன் விறகுக் கட்டையை எடுத்தான். குறுக்கே வந்த குழந்தை வடிவின் மேலும் அடி விழுந்தது. செல்லியம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் குதித்தாள். ஓடி வந்தவர்களால் அவளை மட்டும்தான் உயிரோடு எடுக்க முடிந்தது.

கோர்ட்டில் கலியன் கதறி அழுதான். "நீ ஏதாவது சொல்லணுமா?" என்று ஜட்ஜ் கேட்டபோது செல்லியம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. மகளைக் கொன்றதற்காக அவளுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

பெண்கள் சிறையிலும் அவள் யாரோடும் பேசவில்லை. கொடுத்த வேலையைச் செய்வாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஊமை என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, சுதந்திர தினத்துக்குக் கைதிகள் நாடகம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேட்ரன் ஜெயம்மாள் ஒரு கதை சொன்னாள்: குடிகாரப் புருஷன், பெண்டாட்டியின் பொறுமையைப் பார்த்துத் திருந்துகிறான். பெண்டாட்டியாக நடிக்கச் சாராய கேஸில் வந்த அங்கம்மாள் ஒத்துக்கொண்டாள். புருஷன் வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை.

"நான் கட்டறேன்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லியம்மாள்.

கரித்தூளில் மீசை வரைந்துகொண்டு, அப்பாவைப் போல ஒரு சுற்று சுற்றி வந்து நின்றாள். வாயைத் திறந்தால் வந்தது கலியனின் குரல்.

"எங்கடி போய்க்கினு வர்ற? எவனைப் பாத்து பல்ல இளிச்சிக்கினு இருந்த?"

அங்கம்மாளுக்குச் சொல்ல வேண்டிய வசனம் மறந்துபோயிற்று. "இது எம்புருஷன் பேச்சாச்சே! உனக்கு எப்படிமா தெரியும்?"

"எம்புருஷன் பேச்சு அக்கா இது."

அதற்குப் பிறகு, புளியில் கொட்டை எடுக்க உட்காரும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். "இதையும் சேத்துக்கோமா, எங்க ஊட்டுல இப்படித்தான் கத்துவான்." கிருஷ்ணவேணி மட்டும் வாய் திறக்கவில்லை. புருஷனின் தம்பியைக் குழவிக் கல்லால் அடித்துக் கொன்றதாக அவள் மேல் கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஏன் அடித்தாள் என்று வக்கீலிடம்கூட அவள் சொல்லவில்லை.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்த பிறகு நாடகம். அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. புருஷன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். செல்லியம்மாள் அப்படியே நின்றாள்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லுமா" என்று ஜெயம்மாள் ஓரத்திலிருந்து முணுமுணுத்தாள்.

செல்லியம்மாள் முந்தானையால் மீசையைத் துடைத்தாள்.

"அவன் அதைச் சொல்லவே இல்லீங்க. கோர்ட்டுல கேட்டாங்க, எனக்கு வாய் வரல. இப்ப சொல்றேன். நான் தனியா செத்தா எம்பொண்ணு அவங்கையில அடி வாங்கியே சாவும்னு அவளையும் தூக்கிக்கினு போனேன். தண்ணிக்குள்ள கழுத்தைக் கட்டிக்கினா. மூச்சு முட்டுச்சு. நான்தான் அவ கையைப் பிரிச்சு விட்டேன். கொன்னது நான்தாங்க. அவ பேரு வடிவு."

ஒரு அதிகாரி எழுந்தார். மணி அடித்தது. பெண்களை வரிசையாக உள்ளே தள்ளினார்கள். செல்லியம்மாளைத் தனிக் கொட்டடியில் போட்டார்கள். ஜெயம்மாளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். செல்லியம்மாள் இருந்த காலம்வரை அந்தச் சிறையில் அதன்பின் நாடகமே நடக்கவில்லை.

கொட்டடியிலிருந்து வெளியே விட்ட கொஞ்ச நாளில், செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போன கிருஷ்ணவேணி திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொழுந்தன் எம்மேல கை வச்சதை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் அக்கா. வக்கீலு வேணாம்னாரு. நான் சொன்னேன்."

"ஜட்ஜு இன்னா சொன்னாரு?"

"ஏழு வருஷம் போட்டுட்டாரு."



"சாப்டியா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"இல்ல."

தன் தட்டிலிருந்த களியில் பாதியைப் பிட்டு அவள் பக்கம் தள்ளினாள்.