பிரேக்கைக் கட்டிப்போட்ட எலுமிச்சம்பழம்

காலையில் அரிசி மூட்டைகளோடு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பிரேக்கை முழுசாக மிதித்தேன். என் பிக்கப் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

முன்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண். நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சரக்கை இறக்கிவிட்டு நேரே மெக்கானிக் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"பாய், பெரிய டிஸ்க்கா போட்டு விடுங்க. லோடு ஏத்தினா பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது."

பாய் வண்டியைத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டிஸ்க்லாம் ஓகே லா. லோடு ஏற ஏற இந்த லீவர் அசையணும், அப்பத்தான் பின் வீலுக்கு பிரேக் கூடும். இதை யாரு கம்பி போட்டு இறுக்கிக் கட்டினது?"

எட்டிப் பார்த்தேன். கம்பியின் நுனியில் காய்ந்த எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் தொங்கின.

நான்தான். போன ஆயுத பூசையன்று கட்டினேன். முன்னால் தொங்கவிட்டால் நம்பர் பிளேட்டை மறைக்கும் என்று, அடியில் இடம் தேடி, விழாமல் இருக்க ரெண்டு சுற்று கூடுதலாக.

பாய் வெட்டி எடுத்து என் கையில் வைத்தார்.

நீங்கள் உங்கள் வண்டியில் எங்கே கட்டியிருக்கிறீர்கள்? குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.