நடுவில் இறங்குகிறவர்களுக்காக

வேலூர் லாங் பஜாரில் ஒரு கைவண்டிக்கும் இரண்டு ஸ்கூட்டர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது எஸ்தர் அம்மாவின் மகள் மெர்சியின் போன் வந்தது. "அங்கிள், அம்மா போய்ட்டாங்க" என்றாள். அந்த இரைச்சலில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எங்கேம்மா? எத்தனை மணிக்கு?" என்பது. அழுதுகொண்டிருந்த பெண் லேசாகச் சிரித்துவிட்டாள். அவள் அம்மாவோடு குப்பை கொட்டிய யாரும் அப்படித்தான் கேட்பார்கள். எந்த இடம், எந்த நேரம் என்று சொல்லாத செய்தியை எஸ்தர் அம்மா செய்தியாகவே மதித்ததில்லை.

உங்களில் பலர் அவரை வேலூர் கோர்ட்டில் தொழிலாளர் வழக்குகள் நடத்திய வக்கீலாக அறிவீர்கள். சிலருக்கு அவர் ஒரே ஒரு முறை எம்.பி.யாக இருந்து, மறுமுறை சீட்டு கிடைக்காமல் பாகாயம் வீட்டுக்குத் திரும்பியவர். அந்தப் பதவிக்காலம் முழுவதும் அவருக்கு உதவியாளனாக இருந்தவன் நான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் குடியாத்தத்துத் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "குமரேசன், நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழுவில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எழுத விடாமல் பார்த்துக்கொண்டவரே அவர்தான். இனிமேல் என்னைத் தடுக்க ஆளில்லை.

அவர் எம்.பி.யான புதிதில் ஒரு காலை, ஆம்பூர் ஸ்டேஷனில் நின்றிருந்தோம். குடியாத்தம் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் வந்து நின்றது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ரயில் நிற்பதற்குள் குதித்து, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி நிறைமாதம். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவளும் ஓடினாள். எஸ்தர் அம்மா அவளோடு கூடவே ஓடி, "ஏம்மா இப்டி ஓடுற?" என்று கேட்டார். "கம்பெனி கேட்ட மூடிடுவாங்கமா. அர நாள் கூலி போய்டும். வண்டி தெனமும் லேட்டு" என்று சொன்னபடியே அவள் போய்விட்டாள். மூச்சு வாங்க நின்ற எஸ்தர் அம்மா, ரயில் வந்த நேரத்தை எழுதிவைத்துக்கொண்டார்.

சபையில் அவர் கேட்ட முதல் கேள்வி அந்த ரயிலைப் பற்றித்தான். அது தாமதமாக ஓடுவதாக அரசுக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்த ரயில் நேரத்துக்கே ஓடுகிறது என்று அழகான பதில் வந்தது. பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை ஆம்பூர் போனபோது அந்தப் பெண்கள் சும்மா விடுவார்களா? "இன்னாமா, டில்லில வேற டிரெயின் ஓடுதா?" என்று ஒருத்தி கேட்க, பிளாட்பாரமே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. எஸ்தர் அம்மா மட்டும், "கேள்விய தப்பா கேட்டா, சரியான பதில் வந்து நம்மள முட்டாளாக்கிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் அவரும் நானும் அதே ரயிலில் ஆம்பூரில் இறங்காமல், அது போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷன் வரை போனோம். வழி நெடுக எல்லா ஊருக்கும் தாமதம். ஆனால் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் சும்மா நின்றது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு டைம்டேபிளில் அத்தனை தாராளமாக நேரம் கொடுத்திருந்தார்கள். நின்று, ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி மெதுவாகப் போய், சரியான நேரத்துக்குச் சேர்ந்தது. ரயில் நேரத்துக்கு வந்ததா என்று ரயில்வே கணக்குப் பார்ப்பது அந்தக் கடைசி இடத்தில் மட்டும்தான். எஸ்தர் அம்மா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவங்க பொய் சொல்லலய்யா! நடுவுல எறங்குறவங்களுக்கு மட்டும் கடிகாரமே கெடையாது!" என்றார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அவங்களும் அதே டிக்கெட்தானே வாங்குறாங்க?" என்று கேட்டார்.

நிலைக்குழுவில் அப்போது நாட்டின் மொத்த ரயில்வேயையும் சீர்திருத்தும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. புதிய தடங்கள், வேக ரயில்கள், சரக்குப் போக்குவரத்து, கண்ணாடி பதித்த ஸ்டேஷன்கள். இதற்கு நடுவே ஆம்பூர் பாசஞ்சரைக் கொண்டுபோனால் எடுபடுமா என்று நான் பயந்தேன். "ஆம்பூர்னு நான் வாயத் தொறந்தா அது ஒரு எம்.பி.யோட ஊர்க்கதை ஆய்டும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆம்பூர் இருக்கும். அத அவங்களே தேடட்டும்" என்றார். கூட்டத்துக்கு முன்பாக கேன்டீனில் ஒவ்வொரு உறுப்பினராகப் போய் உட்கார்ந்து, உங்கள் ஊர் ஸ்டேஷன் எது, அது கடைசி ஸ்டேஷனா, நடு ஸ்டேஷனா என்று விசாரிப்பார். வேலூரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்திடம் கற்றுக்கொண்ட உருதுதான் அவருடைய இந்தி. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு வடநாட்டுப் பெரியவர் அவர் பேசுவதைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை ஊருக்குப் போய்விட்டு வந்த அதே பெரியவர், கேன்டீனில் எங்கள் மேசையைத் தட்டி, தன் ஊர்ப் பால்காரர்களும் தினமும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று கத்தினார். எஸ்தர் அம்மா அவருக்கு ஒரு டீ சொன்னார்.

குழுக் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். நான் வராந்தாவில் காத்திருப்பேன். வெளியே வந்தவுடன், "என்னம்மா ஆச்சு?" என்பேன். "டீ நல்லா இருந்துச்சு" என்பார். உள்ளே பேசியதை அறிக்கை வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. எத்தனையோ பேர் காற்றில் பறக்கவிடும் அந்த விதியை, என்னிடம்கூட அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஐயோ, அந்த டீயை நான் எவ்வளவு வெறுத்தேன்!

அறிக்கை வந்தபோது புரட்டிப் புரட்டித் தேடினேன். தடிமனான அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பத்தி. வழியில் உள்ள ஸ்டேஷன்களிலும், முக்கியமாக மக்கள் வேலைக்கு இறங்கும் இடங்களில், ரயில்கள் நேரத்துக்கு வருகின்றனவா என்று கணக்கில் எடுக்க வேண்டும் எனக் குழு பரிந்துரைத்திருந்தது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்ட பத்தி. எஸ்தர் என்ற பெயர் எங்கும் இல்லை. அமைச்சகத்திடமிருந்து, பரிந்துரை குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. நான் சோர்ந்துவிட்டேன். அவர் சோரவில்லை. அடுத்த அறிக்கையில், இந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை, "குழு மீண்டும் வலியுறுத்துகிறது" என்று ஒரு வரி வந்தது. அந்த வரியின் மேல் அவருக்கு அப்படியொரு காதல். சர்க்கரை வியாதிக்காரனான நான் காபியில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் போதும், "வேண்டாம் குமரேசன். குழு மீண்டும் வலியுறுத்துகிறது" என்பார்.

பிறகு ஒரு புதிய டைம்டேபிளில் ஆம்பூர் பாசஞ்சரின் நேரங்கள் மாறியிருந்தன. கடைசியில் குவித்து வைத்திருந்த நேரத்தை வழி நெடுகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ரயிலையும் முன்னதாகவே கிளப்பிவிட்டார்கள். அது அந்தப் பத்தியால் நடந்ததா, யாரோ நல்ல அதிகாரியால் நடந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியாது. தேர்தல் நெருங்கியபோது கட்சிக்காரர்கள், ரயிலை நேரத்துக்கு வரவழைத்த வீரமங்கை என்று போஸ்டர் அடிக்கக் கிளம்பினார்கள். எஸ்தர் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நான் சண்டை போட்டேன். "நீங்க சும்மா இருங்க குமரேசன். அந்தப் பத்திய எல்லாரும் ஒத்துக்கிட்டது, யாருக்கும் தனியா பேர் கெடைக்காதுன்றதாலதான். நான் இப்ப பேர் வாங்கிட்டா, அடுத்து வர்றவ எதக் கேட்டாலும் ஒருத்தனும் கூட நிக்க மாட்டான்" என்றார். அடுத்து வருகிறவள் யார் என்றே தெரியாது. அவளுக்காக ஒரு மனுஷி தன் பெயரை விட்டுக்கொடுத்தார். இவ்வளவு பெரிய மனசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சீட்டும் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கஞ்சியைத் தொடாமல் வைத்திருந்தார். இரண்டு வாயாவது சாப்பிடச் சொன்னேன். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார். "குழு மீண்டும் வலியுறுத்துகிறது" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு வாய் குடித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரயில் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்; சரியான நேரம். பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி நின்று கைக்குட்டையை உதறி முகம் துடைத்தாள். இருவர் ஏதோ சீரியல் கதை பேசியபடி நடந்தார்கள். நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, ஓர் இளம்பெண் அருகில் வந்தாள். "இன்னா சார், யாரத் தேடுறீங்க?"

"யாரையும் இல்லமா. வண்டி கரெக்டா வந்துச்சேன்னு பாத்தேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இது எப்பவுமே கரெக்டாதான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு, தோழிகளோடு சேர்ந்துகொண்டாள்.

எப்பவுமே. எஸ்தர் அம்மாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பெண் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி கேட் திறந்திருந்தது. அவர்கள் நடந்தே போனார்கள்.