புதனுக்கும் சனிக்கும் நடுவே ஒரு தீவு

சீருடை தைக்கும் பட்டறையில் அவளை எல்லோரும் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை, காவலாளிச் சட்டை, எது வந்தாலும் துணியை அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, மிஷின் கத்தியை ஓட்டுவது அவள் வேலை. அடுக்கில் கத்தி ஒருமுறை இறங்கிவிட்டால் இறங்கினதுதான், ஒட்டவைக்க முடியாது. அதனால் திரும்பத் திரும்ப அளக்காமல் கத்தியைத் தொடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். "நாளைக்கு மழை வரும்னு சொன்னா உங்கம்மா இன்னிக்கே குடையை விரிச்சுப் பிடிச்சுக்குவா" என்று புருஷன் மகளிடம் கேலி பேசுவார். கட்டிங் மாஸ்டர் என்பதைச் சுருக்கி அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவள்தான், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப்போன மனுஷனைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டப் போகிறேன் என்று கிளம்பினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவர் கை பட்டவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கால் வீங்க ஆரம்பித்தது, பிறகு மூச்சு வாங்கியது, அதற்கப்புறம் வாழ்க்கையே திங்கள், புதன், வெள்ளி என்று ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் காலையில் டயாலிசிஸ் பிரிவுக்குப் போய், இடது கையில் இரண்டு ஊசி குத்திக்கொண்டு, நாலு மணி நேரம் மிஷினோடு கிடக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு, பழத்துக்குத் தடை, உப்புக்குத் தடை. வேலை போயிற்று. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் போகலைன்னா என்ன?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். போதும்னு தோணுது. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக அல்லவா சொன்னார். அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார். மகளுக்குப் போன் போட்டால் இன்னும் வீம்பு ஏறும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஒரு வாரம் எங்கேயாவது போயிட்டு வருவோமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கயித்துல கட்டிப் போட்ட மாட்டைப் பார்த்து ஊர் சுத்தலாமான்னு கேக்கறே."

"கயிறு எவ்வளவு நீளம்னுதான் பார்ப்போமே."

எங்கே போகலாம் என்று பேச்சு வந்ததும் அவருக்குப் பழைய நகரம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அங்கேதான் தொழில் கற்றார். கல் கட்டடங்கள், மணிக்கூண்டு, ராஜா காலத்து மாளிகை, நீதிமன்றத்தில் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துகிற நூறு வருஷத்து லிஃப்ட். அது இன்னும் ஓடுகிறதாம். "நீ எங்க போகணும்?" என்று கேட்டார். அந்த நகரத்துக் கடற்கரையிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்தில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் பார்க்கலாமாம், அதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

வெளியூரில் இருக்கிற மகள் போனில் குதித்தாள். "அம்மா, நகரம் வரைக்கும் சரி, அங்க ஆஸ்பத்திரி இருக்கு. தீவுல மிஷின் கிடையாதும்மா. நீயா இப்படிப் பேசறே?"

"நான்தான் பேசறேன். நகரத்துல எந்த சென்டர்ல இடம் கிடைக்கும்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

டயாலிசிஸ் பிரிவின் தலைமை சிஸ்டர் மகளைவிடக் கறார். கட்டிங் அக்கா பட்டறையிலிருந்து பழுப்புத் தாள் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் விரித்தாள். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு நகரம் போய்ச் சேர்வது. திங்களும் புதனும் அங்கேயே மிஷின், நடுவில் ஊர் சுற்றல். வியாழன் காலை படகு. வெள்ளி போக வேண்டிய மிஷினைச் சனிக்குத் தள்ளி, சனி காலை கரைக்குத் திரும்பி மத்தியானமே ஊசி. ஞாயிறு ரயில், திங்கள் இங்கே. சிஸ்டர் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு நாள் தள்ளலாம்மா. டாக்டரும் ஒத்துக்குவார். அதுக்கு மேல ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் பொறுப்பேத்துக்க மாட்டோம்." அவசரத்துக்கு என்று ஒரு மருந்துப் பொடியைப் பொட்டலமாகக் கொடுத்தார். "ரத்தத்துல பொட்டாசியம் ஏறாம கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும். கொஞ்சம்தான். இளநி, வாழைப்பழம் பக்கமே போகக் கூடாது."

நகரத்தில் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயின. நீதிமன்ற லிஃப்ட்டில் அவர் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்க, கடைசியில் லிஃப்ட்காரர், "சார், உங்களுக்கு எந்த மாடி?" என்று கேட்டுவிட்டார். "எந்த மாடியும் இல்லைப்பா. உன் மோட்டார் பேரிங் அழுவுது, அதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று அவள் யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மாளிகை முற்றத்தில் அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு லிட்டர் பாட்டில். முக்கால்வாசி காலி.

"ரெண்டு வாய்தான்" என்றார்.

அவள் பாட்டிலைப் பிடுங்கி மிச்சத்தைச் செடியடியில் கொட்டினாள். மறுநாள் சென்டரில் எடை மிஷின் காட்டிக் கொடுத்துவிட்டது. டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு தண்ணியை ஏத்திக்கிட்டு வந்தா எனக்கு ஒரு சிரமமும் இல்லை சார், குழாயைத் திறந்து விட்டுடுவேன். உங்க இதயம்தான் பாவம்."

ஊசி ஏறின பிறகு அவள் அந்த டெக்னீஷியனைத் தனியாகப் பிடித்தாள். "தம்பி, ஒருவேளை சனிக்கிழமை வர முடியாம போனா ஞாயித்துக்கிழமை எங்க போகணும்?"

"ஏன்மா வராம போறீங்க?"

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கறேன்."

ஞாயிறு இந்தச் சென்டர் பூட்டிக் கிடக்கும், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு மிஷினை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள் என்று சொல்லி, அந்த வார்டு போன் நம்பரையும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், "தீவு வேண்டாங்க, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடலாம்" என்றாள். அவர் டிக்கெட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் ஊரை நான் பார்த்துட்டேன். உன் மீனைப் பார்க்க வேணாமா? இனிமே நீ ஊத்திக் கொடுக்கற தண்ணிதான், மாஸ்டர். சத்தியம்."

மனசுக்குள் எதுவோ கூடாது கூடாது என்றது. இருந்தும் வியாழக்கிழமை காலை படகில் ஏறினார்கள்.

தீவில் விடுதி நடத்துகிற அம்மா வந்ததும் வராததுமாக இரண்டு இளநீரைச் சீவி நீட்டினார். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதீங்க. இது இவருக்கு விஷம்" என்று அவள் வாங்கித் தள்ளி வைத்தாள். பகலெல்லாம் சின்ன அளவுக் குப்பியிலிருந்துதான் தண்ணீர். வாயில் ஒதுக்கிக்கொள்ள ஐஸ் துண்டு. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு படகுக்காரர் பவளப்பாறை பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாறையில் உரசி ஊசி போடும் கைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதென்று அவர் இறங்கவில்லை. அந்தக் கையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்தார். அவள் லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடி முகமூடியும் மாட்டி, படகு ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் தயங்கினாள். அப்புறம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்டது. கீழே மஞ்சள் வால் வைத்த நீல மீன்கள் கூட்டமாகத் திரும்பின, ஒரே துணியை யாரோ உதறின மாதிரி. ஏணியை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எடை, குப்பி, சனிக்கிழமை எல்லாம் மறந்து போயிற்று.

"என்ன மாஸ்டர், மீன் என்ன சொல்லுது?" அவள் தலையைத் தூக்கியதும் அவர் படகிலிருந்து கேட்டார்.

"காதுல விழலை. இன்னொரு தடவை போய்க் கேட்டுட்டு வரேன்."

மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. படகுக்காரர்கள் அவசர அவசரமாகப் படகுகளை மேலே இழுத்துப் போட்டார்கள். இருட்டுவதற்குள் படகுத்துறையில் சிவப்புக் கொடி ஏறிவிட்டது.

சனிக்கிழமை படகு இல்லை. டிக்கெட் கவுன்டரில் இருந்தவர், "கடல் அடங்கணும்மா. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது. "மூச்சுத் திணறல் வந்தா உடனே சொல்லுங்க, மீட்புப் படகுக்குத் தகவல் கொடுக்கறேன். ஆனா இந்த அலையில அவங்களும் எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது."

தீவின் சுகாதார நிலையத்தில் இருந்த ஒரே ஒரு நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், வேறு வசதி எதுவும் அங்கே இல்லை. ஊரிலிருந்த சிஸ்டர் போனில் திட்டவில்லை. பொடியைக் கரைத்துக் கொடு, தண்ணீரைப் பாதியாகக் குறை, படுக்கவைக்காதே, தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவை என்று மட்டும் நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் அவர் கணுக்கால் வீங்கிவிட்டது. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவள் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். போதும் என்று சொன்ன மனுஷன். ஒருவேளை இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு தீவுக்குச் சரி என்றாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் பயம்.

ஞாயிறு விடிந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் கண்ணசந்திருந்தாள். விழித்தால் கட்டில் காலி. கதவு திறந்து கிடந்தது, செருப்பைக் காணோம். தூறலில் படகுத்துறைக்கு ஓடினாள்.

கவுன்டர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"எப்ப விடுவீங்க? எனக்கு மிஷினுக்குப் போகணும். பெரிய படகு, சின்னப் படகு, எதுன்னாலும் ஏறிக்கறேன். நான் போயே ஆகணும்ங்க."

அவள் பின்னாலேயே நின்றுவிட்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ சற்று நகர்ந்தது. அவருக்குப் பயமாக இருக்கிறது. அவர் பயந்ததில் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியை யாரிடம் போய்ச் சொல்வது? அருகில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவரும் திரும்பிப் பார்க்காமலே அவள் மேல் சாய்ந்தார்.

காற்று குறைந்தால் கரையிலிருந்து மளிகைச் சாமான் ஏற்றிவரும் பெரிய படகு வரும், இறக்கிவிட்டு உடனே திரும்பும், அதில் ஏற்றிவிடுகிறேன் என்றார் கவுன்டர்காரர். படகு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. காலி வெங்காயச் சாக்குகள் மேல் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் முதுகுக்குத் தன் முதுகை முட்டுக் கொடுத்தாள். படகு ஒவ்வொரு முறை தூக்கிப் போட்டபோதும் அவர் வாயைத் திறந்து காற்றைப் பிடித்தார். அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள், இடத்தை விட்டு அசையவில்லை. கரை நெருங்கி போனில் மறுபடி சிக்னல் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரி வார்டு நம்பருக்கு அடித்து, "வந்துக்கிட்டே இருக்கோம், மிஷினைத் தயார் பண்ணுங்க" என்று கத்தினாள். கரையில் சாமான் வண்டிக்காரர் ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் முன் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

ஊசி ஏறி, ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்த பிறகு இளவயது டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். இவ்வளவு பொறுப்பில்லாமல் யாராவது செய்வார்களா, மிஷின் இல்லாத தீவுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவளைத் திட்டாதீங்க டாக்டர். தீவுக்குப் போயே தீரணும்னு நின்னது நான்."

"பேசாம படுங்க" என்றார் டாக்டர்.

மகளுக்கு அன்றே எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதாள், திட்டினாள், கடைசியில், "மீன் பார்த்தியாம்மா?" என்று கேட்டாள்.

ரயிலை இரண்டு நாள் தள்ளிப் போட்டு ஊர் திரும்பினார்கள். சிஸ்டர் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டபோது அவள் மஞ்சள் வால் மீனைப் பற்றித்தான் பேசினாள். கடலைப் பற்றிக் கேட்டவர்களிடம், "ரொம்பப் பெரிசு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

அதற்கப்புறம் அவர் போதும் என்று சொல்லவே இல்லை என்றால் அது பொய். இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை அவள் சமாதானம் பண்ணினாள், ஒரு தடவை பெரிய சண்டையே போட்டாள். இரண்டு தடவையும் அவர் முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு மிஷினுக்குக் கிளம்பினார்.